ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள்: ஆடியாலஜி முதுகலைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஆடியாலஜி முதுகலைப் படிப்பு நடத்தும் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஒரு ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் காது மிஷின் பொருத்துகிறவள். ஊரில் என்னை "காது மிஷின் டீச்சர்" என்கிறார்கள். செவித்திறன், பேச்சு பற்றிய இளங்கலைப் படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு வருடம் படித்தேன், அதில் கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அப்புறம் இரண்டு வருடம் எம்.எஸ்ஸி. ஆடியாலஜி. ஆக ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் ஒரு மீனவரின் காதையோ சங்கு குளிப்பவரின் காதையோ நோயாளியாக என் முன்னால் யாரும் உட்கார வைக்கவில்லை. இத்தனைக்கும் என் அப்பா சங்கு குளித்தவர். படிப்பு முடிந்து ஊருக்கு வந்து, என்னுடைய முதல் முகாமில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று தெரிந்தது.

கோரிக்கை ஒன்றே ஒன்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடந்தோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் முதுகலை மாணவர்களை ராமநாதபுரம் கடற்கரைக்கு அனுப்புங்கள். மதிப்பெண்ணும் மேற்பார்வையும் உள்ள முறையான போஸ்டிங்காக, குறைந்தது நான்கு வாரம் அனுப்புங்கள். ஒரு நாள் முகாம் போட்டு, பேனர் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களை இந்தக் கரை நிறையப் பார்த்துவிட்டது.

ஏன் தடைக்காலம் என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் இனம் பெருக விடுகிற காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் எங்கும் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். மற்ற மாதங்களில் விசைப்படகு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் திரும்பும். வந்ததும் மீனை இறக்கி, கணக்குப் பார்த்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அந்த ஆளைக் காது பார்க்கக் கூப்பிட்டால் வருவாரா? வந்தாலும் அன்றைக்கு எடுக்கிற ஆடியோகிராமை, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, நம்ப முடியாது. சத்தத்தில் அடிபட்ட காது சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும்கூட மந்தமாக இருந்துவிட்டு, ஓய்வில் ஓரளவு மீளும். மீளாமல் தங்கிவிடுவதுதான் நிரந்தர இழப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓய்ந்த காது வேண்டும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி, முதல் ஆடியோகிராம் எடுக்கும் முன் 14 மணி நேரமாவது வேலைச் சத்தம் படாமல் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே சட்டமே 61 நாள் ஓய்வு கொடுக்கிறது. மரம் இழைக்கிற மிஷின் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களை மட்டும் முந்தின நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்த மிஷினும் லேசுப்பட்டதல்ல.

என்ஜின் பக்கத்தில் நின்று பாருங்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று ஊகிக்க அது ஒன்றே போதும். 85 டெசிபலில் 8 மணி நேரம், 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம் என்று, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கும் கணக்கை நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அது, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் அமைதியாகத் தூங்குகிற தொழிலாளிக்குப் போட்ட கணக்கு. என் சித்தப்பா விசைப்படகு டிரைவர். அவர் தூங்குவதும் என்ஜினுக்கு மேலே போட்ட பலகையில்தான். அவருடைய எட்டு மணி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வகுப்பில் எல்லா உதாரணங்களும் நூற்பாலையும் தொழிற்சாலையுமாக இருந்தன.

அவருக்கு நானே ஆடியோகிராம் எடுத்தேன், ஒரு தடைக்காலத்தின் நடுவில். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் என்று தாழ்ந்த சுருதி எல்லாம் ஒழுங்காக வந்தது. 2000-இல் இறங்க ஆரம்பித்தது. 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் ஏறியது. சத்தத்தில் அடிபட்ட காது என்று பாடப்புத்தகத்தில் பார்த்த அதே படம். வலது பக்கத்தைவிட இடது பக்கம் மோசம். என்ஜின் இவருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் எனக்கு ஓர் ஆய்வுக் கட்டுரைக்கே விஷயம் இருந்தது. ஆனால் அதை எழுத முடியாமல் என் எம்.எஸ்ஸி. ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

ஆய்வுக் கட்டுரைக்கு விஷயம் கிடைக்காமல் மாணவர்கள் அலைகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். என் வகுப்பில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்களின் இயர்போன் பழக்கத்தைப் பற்றி எழுதினோம், ஏனென்றால் கையெட்டும் தூரத்தில் கிடைத்த காதுகள் அவைதான். நானும்தான். இங்கே ஒரே மனிதரின் காதை மே மாதத்தில் ஓய்ந்த நிலையிலும், ஜூன் மாதத்தில் கடலிலிருந்து இறங்கிய அன்று காலையிலும் சோதித்துப் பார்க்கலாம். எந்த ஆய்வுக்கூடத்தில் இப்படி ஓர் ஏற்பாடு கிடைக்கும்?

அடுத்தது பேச்சு. இதுவும் அறைக்குள் இருந்து கற்க முடியாதது.

போன வருடம் வெளியூரிலிருந்து ஒரு மாணவி உதவிக்கு வந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். ஒரு பெரியவருக்குப் பேச்சுச் சோதனை வைத்தாள். அவள் மைக்கில் ஒரு சொல்லைச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "வாழை" என்றாள். "வாள" என்றார். தப்பு என்று குறித்தாள். "மழை" என்றாள். "மள" என்றார். அதுவும் தப்பு. "பழம்", "பளம்". மூன்று தப்பு. பெரியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: "சரியாத்தானேம்மா சொன்னேன், ஏன் இந்தப் பாப்பா கோடு போடுது?"

எங்கள் பக்கத்தில் பேச்சில் ழ வராது, ள தான் வரும். ராமநாதபுரம், மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் ஊரில் ழ சுத்தமாக வரும். மறுபடி மதிப்பெண் போட்டபோது அவருடைய கணக்கு நன்றாக ஏறியது. கவனிக்காமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு பெரிய மிஷினைப் பரிந்துரைத்து அனுப்பியிருப்போம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கும். மேல் அலைவரிசை, அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள், போன காதுக்கு ச, த எல்லாம் ஒன்றுபோல மங்கும். சங்குக்குப் போய் வந்தவரிடம் "தங்கு" என்று சொல்லிப் பாருங்கள், "சங்கு" என்பார். அது கேட்கும் குறையா, பழக்கத்தில் வந்த ஊகமா? ஒரு மனிதர் நாள் முழுக்க என்னென்ன சொற்களோடு வாழ்கிறார் என்று தெரியாமல் அதைத் தீர்மானிக்க முடியாது. எங்கள் ஆட்களுக்குத் தென்கடல், வடகடல், கச்சான், கொண்டல், வாடை, பாகம், வல்லம் எல்லாம் தினசரிச் சொற்கள். உங்கள் மாணவர்கள் இங்கே நான்கு வாரம் இருந்தால், இந்தக் கரைக்கென்று ஒரு சொற்பட்டியலைத் தொகுத்துச் சரிபார்க்கலாம். அது முறையாகச் செய்ய வேண்டிய வேலை. ஒலிச் சமநிலை பார்க்க வேண்டும், பழகிய சொற்களா என்று ஊராரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், நல்ல காது உள்ளவர்களிடம் முதலில் சோதிக்க வேண்டும். தனியாக ஒருத்தி செய்து முடிக்கக்கூடியதில்லை.

இனி அப்பாவைப் பற்றி.

சங்கு குளிப்பவர்களுக்குக் காதுதான் முதலில் போகும். கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதற்கு ஈடு கொடுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அப்பா சொல்வார், "'டப்'புன்னு திறந்துச்சுன்னா போகலாம், திறக்கலைன்னா மேல வந்துடணும்." அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கூட வந்த மூத்தவர்களைப் பார்த்துப் பழகியது. ஆனால் சங்கு நிறையக் கிடைக்கிற நாளில் சளி பிடித்திருந்தால் என்ன செய்வார்கள்? சளி இருக்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் வீங்கித் திறக்காது. அதோடு இறங்கினால் செவிப்பறை கிழியலாம், சில சமயம் உள்காதே அடிபடலாம். அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு நாள் வலது காதில் ரத்தம் வந்தது. இரண்டு நாள் தலைசுற்றல். மூன்றாம் நாள் மறுபடியும் போனார்.

சில மாதம் கழித்து அம்மா அவரை ஒரு பெரிய ஊருக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஊர், எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்காமல் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்து இன்னோர் இடத்தில், சோதனை என்று பத்து நிமிடம் ஏதோ செய்துவிட்டு, ஒரு காது மிஷினை விற்றார்கள். அம்மா சீட்டு எடுத்த பணம் அது. அந்த மிஷினைப் போட்டால் அப்பாவுக்கு அலையின் இரைச்சல் மட்டும்தான் பெரிதாகக் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. ஒரு மாதம் போட்டார். பிறகு அது பீரோவில் ஒரு டப்பாவுக்குள் போனது. அது இன்னமும் என்னிடம் இருக்கிறது. நான் எம்.எஸ்ஸி.யில் மிஷினை எப்படிப் பொருத்த வேண்டும், பொருத்தியபின் காதுக்குள் மைக் வைத்து எப்படி அளக்க வேண்டும் என்று கற்ற அன்று ராத்திரி, அப்பாவுக்கு நடந்ததை நினைத்து அழுதேன்.

அப்பாவின் வலது காதில் இருப்பது உள்காது இழப்பு. அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் சளி பிடித்த நாளில் இறங்காதே என்று, காரணத்தோடு, படம் காட்டி, அவர் பேச்சிலேயே ஒருவர் அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் அந்தக் காது தப்பியிருக்கும். அதைச் சொல்லத் தெரிந்த ஆளை உருவாக்குவது உங்கள் படிப்புதானே?

கடற்பாசி எடுக்கும் பெண்களை வெளியூர்க்காரர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்கள் ஆழத்துக்குப் போவதில்லையே, காதுக்கு என்ன வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஆனால் அழுத்தத்தால் காதுக்குள் இருக்கும் காற்றின் அளவு அதிகம் மாறுவது முதல் சில மீட்டரில்தான். இவர்கள் தீவுகளை ஒட்டி, துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தச் சில மீட்டருக்குள் ஒரு நாளில் எத்தனையோ தடவை முங்கி முங்கி எழுகிறார்கள். காது நாள் முழுக்க ஈரம். அரிப்பு, வெளிக்காதில் புண், சீழ். வலி வந்தால் வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவார்கள். செவிப்பறை முழுசாக இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அக்கா என்னிடம் வந்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் ஆட்டோஸ்கோப்பில் பார்த்தால் காதின் பாதையில் பொடி மணல், அதற்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கும் பின்னால் செவிப்பறையில் பெரிய ஓட்டை. "எத்தனை வருஷமாக்கா?" என்றேன். "சின்னவன் பிறந்தப்ப இருந்து" என்றார். சின்னவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். இப்படி ஒரு காதை முதல் தடவை பார்க்கும்போது பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். எனக்கு யாரும் இல்லை. உங்கள் மாணவர்களுக்கு நான் இருப்பேன்.

குழந்தைகள். இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, முயல்கிறேன்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி, கிடைக்கிறது. பெரிய காரியம். அந்தத் திட்டம் இல்லையென்றால் எங்கள் கரையில் ஒரு வீட்டாலும் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அறுவை சிகிச்சை தொடக்கம்தான். அதற்குப் பிறகு கருவியை அவ்வப்போது சரிப்படுத்த வேண்டும், வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு சுமார் 170 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு நாள் முழுசாகப் போய்விடும். அந்தத் தாய் அன்றைக்குக் கருவாட்டு வேலைக்கோ பாசிக்கோ போக முடியாது. மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டுப்போனால், அப்புறம் அது ஒரு மாதம் ஆகும். பிறகு நிற்கும்.

பயிற்சிக்குப் போய் வந்த பிள்ளைகளிடம் இன்னொன்று பார்த்தேன். கீழக்கரையில் ஒரு வீடு. இரண்டரை வயதுப் பெண் குழந்தை, இம்ப்ளான்ட் வைத்து எட்டு மாதம். பயிற்சி மையத்தில் கொடுத்த படச்சீட்டுகளை அவள் உம்மா, அதாவது அம்மா, எனக்கு எடுத்துக் காட்டினார். "அப்பா", "அம்மா", "அண்ணன்". குழந்தை மையத்தில் "அப்பா" என்று சொல்லிவிட்டாளாம், எல்லாரும் கைதட்டினார்களாம். வீட்டில் அப்படிக் கூப்பிட ஆளே இல்லை. அந்த வீட்டில் அப்பா என்றால் வாப்பா, அம்மா என்றால் உம்மா, அண்ணன் என்றால் காக்கா, அக்கா என்றால் லாத்தா. குழந்தை புதிதாகக் கேட்கத் தொடங்கிய அந்த மாதங்களில், ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வீட்டில் ஒலிக்கிற சொற்கள் இவை. பயிற்சியில் இவை இல்லை. அந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். கீழக்கரை வீட்டுக்குள் அவரை யாரும் ஒரு நாள்கூட உட்கார வைக்கவில்லை. புதிதாகச் சீட்டுகள் வரைந்தோம். வாப்பா படத்தில் தொப்பி போட்டு நானே வரைந்தேன், சுமாராகத்தான் வந்தது. மூன்றாம் வாரம் அவள் வாசலில் நின்று "வாப்பா" என்றாள். மீன் வாங்கிக்கொண்டு வந்தவர் பையைக் கீழே போட்டுவிட்டார்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று நாம் படிக்கிறோம். அது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. என்னிடம் வருகிற குழந்தைகளில் பலர் "பேச்சு வரல" என்று இரண்டு வயது தாண்டித்தான் வருகிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்வது எங்கள் பக்கம் அதிகம், பிறவிக் காது கேளாமைக்கு அதுவும் ஒரு காரணம். அதை ஒரு குடும்பத்திடம் மனம் நோகாமல் சொல்வது எப்படி? இதற்கும் பாடத்திட்டத்தில் நேரம் வேண்டும். மூத்தவர் ஒருவர் அப்படிப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே காது மிஷினின் பேட்டரி வைக்கும் இடத்தில் சில மாதங்களிலேயே பச்சை பூக்கும். வேர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து குழாயில் நீர் கோக்கும். ராத்திரி மிஷினை சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், வாரம் ஒரு தடவை துடைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். காதுக்கு அளவெடுத்துச் செய்கிற அச்சு, குழந்தைகளுக்கு வளர வளரச் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதைச் செய்து வாங்க வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம், காது மிஷின் பழுதுபார்க்கவும் அச்சு செய்யவும் தனியாக டிப்ளமோ நடத்துகிறது. அப்படிப் படித்த ஒருவர் இந்தக் கரையில் இருந்தால் பாதி மிஷின்கள் பீரோவுக்குப் போகாது.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதையும் மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்கிறது, 70 போனால் காது கேளாதவர். என் சித்தப்பா மாதிரி, மேல் அலைவரிசை மட்டும் போனவர், அந்தக் கணக்கில் சேர மாட்டார். அவருக்கு அடையாள அட்டை கிடையாது, அட்டை இல்லாமல் இலவச மிஷின் கிடையாது. ஆனால் பக்கத்துப் படகிலிருந்து "கயிற்றை விடு" என்று கத்துவது அவருக்குச் சரியாகப் புரிவதில்லை. கடலில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதை எண்களாக எடுத்து வைத்தால்தான் நாளைக்கு யாரிடமாவது பேச முடியும். நம்மைத் தவிர வேறு யார் அந்த எண்களை எடுப்பார்கள்?

நம் துறையே இப்படி ஒரு தேவையில்தான் வளர்ந்தது என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரண்டாம் உலகப் போரில் காது போய்த் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்காக ராணுவ மருத்துவமனைகளில் தொடங்கிய வேலைதான் ஆடியாலஜி என்று ஒரு படிப்பாக ஆனது. ரேமண்ட் கார்ஹார்ட் அந்த மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவர்தான், பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். நோயாளிகள் ஒரே இடத்தில் இருந்தார்கள், படிப்பு அவர்களைத் தேடிப் போனது. இன்றைக்கு அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு வர, இளங்கலைக்குப் பிறகு வழக்கமாக நான்கு வருட மருத்துவ முனைவர் பட்டம் படிக்கிறார்கள். அதில் கடைசி வருடம் பெரும்பாலும் முழுக்க முழுக்க நோயாளிகளோடுதான். நம்மிடம் அவ்வளவு நேரம் இல்லை. இரண்டே வருடம். அதில் நான்கு வாரம்தான் கேட்கிறேன். மைசூர் நிறுவனமே கிராமப்புற வெளிச்சேவை மையங்களை நடத்துகிறது, இது நடக்க முடியாத காரியமில்லை.

என்னோடு படித்தவர்கள் பலர் இன்று மிஷின் கம்பெனிகளில் இருக்கிறார்கள், பலர் வெளிநாட்டில். யாரையும் தப்புச் சொல்லவில்லை, வீட்டுக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு மாவட்டத்தைப் பார்த்தே இராதவர் அங்கே வேலைக்கு விண்ணப்பிப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? நான்கு வாரம் இங்கே இருந்த பத்துப் பேரில் ஒருவர் திரும்பி வந்தால் எனக்குப் போதும்.

நடைமுறை என்னவென்று கேட்பீர்கள். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து கவனிக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் என்ற ஏற்பாடும் அரசிடம் உண்டு. உங்கள் துறைகள் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மேற்பார்வையும் கோப்பும் ஒழுங்காக இருக்கும். போஸ்டிங் நேரத்தை, நம் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் கேட்கும் கிளினிக் மணி நேரத்தில் சேர்த்துக் கணக்கிட ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் மாணவர்களுக்கு அது சுமையாகத்தான் தெரியும். தேவையான கருவிகள்: கையில் தூக்கிப் போகிற ஆடியோமீட்டர் இரண்டு, நடுக்காதைச் சோதிக்கும் டிம்பனோமீட்டர் ஒன்று, பதில் சொல்லத் தெரியாத குழந்தைகளின் காதையும் சோதிக்கிற ஓ.ஏ.இ. கருவி ஒன்று. காதுக்குள் செருகுகிற இயர்போன் இருந்தால் நல்லது, வெளிச்சத்தம் குறையும்.

அமைதியான அறைகளை நான் ஏற்கெனவே தேடி வைத்திருக்கிறேன். ஒலிமானியைத் தூக்கிக்கொண்டு பாம்பனிலிருந்து தொண்டி வரை அலைந்தேன். ஒரு தேவாலயத்தின் பின்னறை, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். ஒரு மதரஸா வகுப்பறை, வெள்ளிக்கிழமை தவிர. ஒரு பள்ளியின் புத்தக அறை, விடுமுறையில் யாரும் வருவதில்லை. ஃபேனை நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும், மே மாதத்தில் அது கஷ்டம்தான். நோயாளிக்கு ஒரு துண்டு, சோதிப்பவருக்கு ஒரு துண்டு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பெண்களைச் சோதிக்கப் பெண் மாணவிகள் வேண்டும், மறக்காமல் அனுப்புங்கள். தங்குவதற்கு மூன்று வீடுகள் பேசியிருக்கிறேன். அப்பா ஒரு நாள் எல்லாரையும் கரைக்குக் கூட்டிப்போய், மூச்சடக்கி இறங்குவது எப்படி, காதைத் திறப்பது எப்படி என்று மணலில் உட்கார்ந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசும்போது அவருடைய இடது பக்கம் உட்காருங்கள்.

வேலைநிறுத்தம் ஏதும் இல்லையென்றால் ஜூன் 15-ஆம் தேதி படகுகள் கடலுக்குப் போகும், 16-ஆம் தேதி காலையில் திரும்பும். மே மாதத்தில் காது பார்த்த அதே ஆட்கள் இறங்கி வருவார்கள். படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கு என்னோடு நிற்க இரண்டு மாணவர்களாவது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி,
மண்டபம்